மட்டக்களப்பு நாவற்குடாவில் 12 பேர்ச் வளவு: கூரைக்கு என்ன போடுவது, மலக்குழியை எங்கே வைப்பது?

வாவிக்கரை எழுதியது:

வளவு கிழக்கு மேற்காக 72 அடி, வடக்குத் தெற்காக 45 அடி. றோட்டு மேற்கில். அதைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனால் வாவி. ஈசான மூலையில் பழைய கிணறு ஒன்று கிடக்கு, இரண்டு மதிலில் இருந்தும் 6 அடி தள்ளி. ஆவணி, புரட்டாதியில் 6 அடிக்குக் கீழே தண்ணீர். மார்கழியில் இரண்டரை அடிக்கு ஏறிவிடும். குழாய்த் தண்ணீரும் இருக்கு.

கட்டப்போவது ஒரு தட்டு வீடு. 40 அடிக்கு 28 அடி, ஐந்து பேருக்கு. வரைபடத்தில் இரண்டு படுக்கையறையும் மேற்கே, வாவி தெரியிற மாதிரி. குளியலறை, மலசலகூடம் பின்னால் கிழக்கே. முடிந்தவரை பசுமைக் கட்டடமாக, ஏசி இல்லாமல் இருக்கக்கூடியதாகக் கட்ட விருப்பம். கூரைக்கு ஓடா, தகடா, கொங்கிறீற்றுப் பிளாட்டா? சுவருக்குச் சீமெந்துக் கல்லா, செங்கல்லா? குழாய்த் தண்ணீர் இருக்கும்போது மழைநீர்த் தாங்கி வீண்செலவா? சோலார் 3 கிலோவாற் போதுமா? முற்றம் முழுக்க இன்ரர்லொக் கல் பதிக்கச் சொல்கிறார்கள், அது சரியா?

படுவான்கரை எழுதியது:

முதலில் வளவு முழுவதையும் கிரவல் கொட்டி 3 அடி உயர்த்துங்கள். 2011 ஜனவரி வெள்ளத்தை மறக்க வேண்டாம். பிறகு இன்ரர்லொக் போட்டால் சேறு இல்லை. மழைநீர்த் தாங்கி கட்டுவதென்றால் பெரிதாகக் கட்டுங்கள். இங்கே வருடத்துக்கு 1,600 மில்லிமீற்றருக்கு மேல் மழை. உங்கள் கூரைக்கு லட்சக்கணக்கான லீற்றர் விழும், 20,000 லீற்றருக்குக் குறைந்தால் பிரயோசனம் இல்லை.

ஊற்றுக்கண் எழுதியது:

கேள்வியில் கூரை, சுவர், சோலார் எல்லாம் இருக்கு, மலக்குழி தலைப்பில் மட்டும். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் வீடு கட்டும்போது முதலில் தீர்க்கவேண்டியது அதுதான். மற்ற அளவுகள் எல்லாம் அதிலிருந்துதான் பிறக்கும்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நாங்கள் இருப்பது ஒரு மணல் திட்டு. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே அரை அடி குறைந்தால் கீழே 20 அடி உப்பு ஏறும். ஒரு குதிரைவலு மோட்டரை மணிக்கணக்கில் ஓடவிட்டு எடுத்தால் பங்குனிக்குப் பிறகு கிணறு கரிக்கத் துவங்குவது இதனால்தான். அரைக் குதிரைவலு மோட்டர் போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் எடுத்து, கிணறு ஊறவிட்டு, திரும்ப எடுங்கள்.

இதே மணல்தான் மலக்குழித் தண்ணீரையும் வாங்குது. கிருமிகளை மணல் ஓரளவுக்கு வடிக்கும், தூரம் கொடுத்தால். நைத்திரேற்றை வடிக்காது. அது கரைந்து தண்ணீரோடு போகும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. புட்டிப்பால் குடிக்கிற குழந்தைக்குத்தான் கூடுதல் ஆபத்து. கொதிக்கவைத்தால் போகாது, தண்ணீர் வற்றும், நைத்திரேற் செறிவு கூடும். கிணற்றைக் குடிக்கப் பாவிப்பதாக இருந்தால் முதலில் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

இனி உங்கள் வளவு. வாவிப் பக்கம் என்றால் நிலத்தடி நீர் பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கே, வாவியை நோக்கித்தான் நகரும். கிணறு கிழக்கே, மலக்குழி மேற்கே என்றால் சரி. வரைபடத்தில் மலசலகூடம் கிழக்கே இருப்பது பிழை. வழக்கமாகச் சொல்கிற 50 அடி இடைவெளியும் அங்கே கிடைக்காது. கிழக்கு வளவுக்காரரின் குழி எங்கே இருக்கு என்றும் பாருங்கள். உங்கள் கிணற்றுக்கு மேல்நீரோட்டத்தில் இருப்பது அவர்களின் குழிதான்.

அடுத்தது, வழக்கமாக வெட்டுகிற அடி திறந்த குழி இங்கே வேண்டாம். மார்கழியில் இரண்டரை அடியில் தண்ணீர் நின்றால் அந்தக் குழி கிணற்றோடு நேரே பேசும். அடியும் சுவரும் அடைத்த இரண்டு அறைத் தாங்கி கட்டுங்கள். உள்ளளவு நீளம் ஏழரை அடி, அகலம் 3 அடி, தண்ணீர் நிற்கும் ஆழம் 4 அடி. அது ஏறக்குறைய 2,500 லீற்றர். முதல் அறை 5 அடி, இரண்டாவது இரண்டரை அடி. உள்ளே வரும் வாயிலும் வெளியே போகும் வாயிலும் ‘ரி’ (T) வடிவக் குழாய் வைத்து, அதன் கீழ்க்கால் தண்ணீருக்குள் ஒன்றேகால் அடி இறங்கவேணும். அது இல்லாவிட்டால் மேலே மிதக்கிற கொழுப்புப் படை நேரே வெளியே போய் அடுத்த கட்டத்தை அடைக்கும். வெளிவாய் உள்வாயை விட 2 அங்குலம் தாழ்வாக இருக்கவேணும். காற்றுக் குழாயின் தலையில் நுளம்பு வலை. பூச்சு காய்ந்ததும் தண்ணீர் நிரப்பி, கோடு போட்டு, 24 மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். கோடு இறங்கினால் மூடிபோட விடாதீர்கள்.

அந்தத் தாங்கியில் இருந்து வெளியே வருகிற தண்ணீரையும் குழிக்குள் விடாமல் நிலத்துக்கு மேலே உயர்த்திய பாத்திக்கு விடவேணும். இங்கேதான் வீட்டுத் தளத்தின் உயரம் முடிவாகுது. தளம் நிலத்தில் இருந்து 3 அடி என்று வையுங்கள். மலசலகூடக் குழாய் 2 அடி உயரத்தில் சுவரை விட்டு வெளியே வரும். 20 அடி ஓட்டத்துக்கு 60க்கு 1 சரிவு கொடுத்தால் 4 அங்குலம் இறங்கும். தாங்கியின் உள்வாய் நிலத்துக்கு மேல் 1 அடி 8 அங்குலம், வெளிவாய் 1 அடி 6 அங்குலம். பாத்திக் குழாய்க்குக் கீழே 1 அடி சல்லி போட்டாலும் அதன் அடி நிலத்துக்கு மேல் 6 அங்குலத்தில் நிற்கும். அதில் இருந்து மார்கழித் தண்ணீர் மட்டம் வரை ஏறக்குறைய 3 அடி வெறும் மணல். 4 அடி என்றால் இன்னும் நல்லது, ஆனால் பம்ப் இல்லாமல் 3 அடி கிடைப்பதே பெரிய விசயம். ஒன்றரை அடித் தளம் போட்டால் இந்தக் கணக்கு முழுக்கக் கவிழும்.

பாத்திக்கு மலசலகூடத் தண்ணீர் மட்டும். ஆளுக்கு 30 லீற்றர் என்றால் ஒரு நாளைக்கு 150 லீற்றர். சதுர மீற்றருக்கு 20 லீற்றர் என்று மெல்லக் கொடுத்தால் ஏழரைச் சதுர மீற்றர், அதாவது 16 அடிக்கு 5 அடி. துளையிட்ட 3 அங்குலக் குழாய், முக்கால் அங்குலச் சல்லி, மேலே வடிதுணி, அதற்கு மேல் மண், அதில் வெட்டிவேரும் கல்வாழையும். குளியல், குசினித் தண்ணீரை இதில் கலக்காதீர்கள். அது கொழுப்புப் பொறி ஒன்றைத் தாண்டி வாழைப் பாத்திக்குப் போகட்டும்.

மட்டப்பலகை எழுதியது:

ஊற்றுக்கண் அண்ணன் சொன்ன தாங்கியில் ஒரு விசயம் சேர்க்கணும். வெறும் தாங்கி தண்ணீருக்குள் தோணி மாதிரி. மூழ்கியிருக்கிற ஒவ்வொரு கன மீற்றருக்கும் ஒரு தொன் விசை மேலே தள்ளும். அடிக் கொங்கிறீற்றைச் சுவருக்கு வெளியே சுற்றிவர 1 அடி நீட்டிப் போடுங்கள். அதன் மேல் மண் ஏறி நின்றால் அது பிடித்துவைக்கும். மலக்குழியை உறிஞ்சி எடுக்கிற கலி பவுசரைக் கார்த்திகை, மார்கழி, தையில் கூப்பிட வேண்டாம். ஆவணியில் எடுங்கள், எடுத்த உடனே தண்ணீர் விட்டு நிரப்புங்கள். மூன்று தொடக்கம் ஐந்து வருடத்துக்கு ஒருக்கா எடுத்தால் சரி.

வளவு முழுக்க உயர்த்தச் சொன்னவருக்கு: 72க்கு 45 அடி, 3 அடி உயரம் என்றால் 97 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). வீட்டுக்குக் கீழே மட்டும் நிரப்பினால் 34 கியூப். மிச்சம் 63 கியூப் கிரவல் எங்கேயோ ஒரு மேட்டைத் தோண்டித்தான் வரவேணும். அது மட்டுமில்லை, உங்கள் வளவில் நின்ற வெள்ளம் பக்கத்து வளவுக்குப் போகும். அவரும் உயர்த்துவார். கடைசியில் றோட்டுத்தான் வாய்க்கால். வீட்டை மட்டும் உயர்த்துங்கள், முற்றம் பழைய மட்டத்திலேயே கிடக்கட்டும். 3 அடி போதுமா என்று அறிய அயலில் உள்ள பழைய மதில்களில் வெள்ளக் கறையைப் பாருங்கள். அதற்கு மேல் 1 அடியாவது வேணும்.

இன்ரர்லொக் கல்லை மணல் மேல் பதித்து, இடுக்கில் மணல் விட்டால் கொஞ்சம் தண்ணீர் இறங்கும். இங்கே அனேகமானோர் கீழே கொங்கிறீற்றுப் போட்டுத்தான் பதிக்கிறார்கள், பிறகு அது வெறும் சீமெந்துத் தரைதான். பகலில் கொதிக்கும், மழைக்கு றோட்டுக்கு ஊத்தும், கிணற்றுக்கு இறங்கவேண்டிய நன்னீரும் போச்சு. கார் சில்லு போகிற இடத்துக்கு 2 அடி அகலத்தில் இரண்டு கோடு போதும்.

உப்புக் காற்றுக்கும் உப்புத் தண்ணீருக்கும் கட்டடம் எப்படிச் செத்துப்போகுது என்பதுதான் என்னுடைய பக்கம். கொங்கிறீற்றுக் குழைக்கக் கரிக்கிற கிணற்றுத் தண்ணீர் எடுக்கவே கூடாது, குழாய்த் தண்ணீர்தான். கடல் மணல் சேர்க்கக் கூடாது. உப்பில் உள்ள குளோரைட்டு கம்பியைத் துருவேற்றும், துரு ஊதும், ஊதினால் கொங்கிறீற்று நீளத்துக்கு வெடிக்கும். வெளித்தூணுக்கும் வளைக்கும் கம்பிக்கு மேல் ஒன்றரை அங்குல மூடல் வைக்கச் சொல்லுங்கள், 2 அங்குலம் என்றால் இன்னும் நிம்மதி. அந்த இடைவெளிக்குச் சல்லிக்கல்லைச் செருகினால் ஊத்தும்போது விலகிடும். 1:2 சீமெந்து மணல் சாந்தில் சின்னக் கட்டைகள் வார்த்து, கம்பியோடு கட்டுங்கள்.

தள மட்டத்தில் ஈரத்தடைப் படை வேணும். முக்கால் அங்குலம் 1:2 சாந்து, அதன் மேல் தார் இரண்டு பூச்சு. சுவரின் வெளிப்பூச்சு அந்தப் படையைத் தாண்டிக் கீழே இறங்கி மண்ணைத் தொட்டால் படை போட்டும் வேலையில்லை, பூச்சு வழியாக உவர் ஏறும். வீடு கட்டி இரண்டாம் வருடம் சுவரின் அடியில் பூச்சு பொருக்கு விடுகிறதே, அனேகமாக இதுதான் காரணம்.

கச்சான்காத்து எழுதியது:

மலசலகூடம் மேற்கே வந்தால் வெப்பப் பக்கத்திலும் பாதி வேலை முடிஞ்சுது.

மட்டக்களப்பு 7.7 பாகை வட அகலாங்கில் இருக்கு. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் செப்ரெம்பர் தொடக்கத்திலும் உச்சிச் சூரியன் நேரே தலைக்கு மேல். ஜூனில் 16 பாகை வடக்கே சாயும், டிசம்பரில் 31 பாகை தெற்கே. அதனால் தெற்குச் சுவருக்குத் தாழ்வாரம் 3 அடி நீண்டால் டிசம்பர் நண்பகலிலும் 5 அடிக்கு நிழல் விழும். அதே 3 அடி மேற்கில் பின்னேரம் 4 மணிக்கு ஒன்றேமுக்கால் அடிக்குத்தான் நிழல் தரும். வெயில் அப்போது 30 பாகை உயரத்தில் நேரே யன்னலுக்குள் வரும். மேற்குச் சுவர் வாங்கிய சூடு, நீங்கள் படுக்கப்போகிற நேரத்துக்குத்தான் உள்ளே வந்துசேரும். படுக்கையறையை அங்கே வைத்துவிட்டு ஏசி வேண்டாம் என்றால் முடியாது. மேற்கே மலசலகூடம், களஞ்சிய அறை, கார் நிறுத்துமிடம். வாவியைப் பார்க்க ஆசை என்றால் தென்மேற்கில் 8 அடி அகல விறாந்தை போடுங்கள். 4 மணிக்கும் நாலரை அடி நிழல் இருக்கும். அதற்குக் கீழே வருகிற வெயிலுக்கு ஓலைத்தட்டி அல்லது வரிசையாகப் பூவரசு.

காற்று இன்னொரு கணக்கு. வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, மலைநாட்டில் ஈரத்தைக் கொட்டிவிட்டு வறண்டு, சூடாகி இறங்குது. அந்தக் காற்றுக்கு யன்னலைத் திறந்தால் வீடு சூளை. பகலில் தென்மேற்கு யன்னல்கள் மூடிக் கிடக்கவேணும், இறுக்கமாக மூடக்கூடியதாகவும் இருக்கவேணும். பின்னேரம் கடல் காற்று கிழக்கில் இருந்து வரும். படுக்கையறைகள் கிழக்கே இருந்தால் அது நேரே கிடைக்கும். ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பக்கம் திறப்பு வேணும், ஒரு பக்க யன்னல் எவ்வளவு பெரிதானாலும் காற்று ஓடாது.

கூரை: பிளாட் வேண்டாம். 5 அங்குலக் கொங்கிறீற்று பகல் முழுக்கச் சூடு வாங்கி, நடுச்சாமம் வரை கீழே விடும். ஓடு நல்லது, சரிவு 25 பாகைக்குக் குறையாமல். நிறம் பூசிய தகடும் சரிதான், வெளிர் நிறம் என்றால். கடும் பச்சையும் காவியும் பார்க்க வடிவு, சூட்டுக்கு மோசம். எதைப் போட்டாலும் கீழே அலுமினிய மினுக்கத் தாள் விரியுங்கள், ஆனால் ஒட்டாதீர்கள். மினுங்குகிற பக்கம் கீழே பார்க்கவேணும், அதற்கு எதிரே 1 அங்குலமாவது காற்றிடம் வேணும். தகட்டிலோ சிலிங்கிலோ ஒட்டி வைத்தால் மினுக்கம் வேலை செய்யாது. மேலே பார்க்க வைத்தால் ஒரு வருடத்தில் தூசி மூடிவிடும். தாழ்வாரத்தில் வலைபோட்ட துளையும் முகட்டில் வெளிவாயும் இருந்தால் சூடான காற்று தானே ஏறிப் போகும்.

நீண்ட தாழ்வாரத்தில் ஒரு ஆபத்து இருக்கு. 1978 நவம்பர் 23 சூறாவளி வந்த ஊர் இது. காற்று தாழ்வாரத்துக்குக் கீழே புகுந்துதான் கூரையைத் தூக்கும். சுற்றுவளைக்குள் 12 மில்லிமீற்றர்க் கம்பியை 4 அடிக்கு ஒன்றாக வார்த்து, சுவர்விட்டத்தை நட்டுப்போட்டு இறுக்குங்கள். ஒவ்வொரு கைமரத்தையும் விட்டத்தோடு தகட்டுப் பட்டியால் பிணையுங்கள். ஆணி மட்டும் போதாது.

சுவருக்கு எந்தக் கல் என்பதில் மண்டையைப் போட்டு உடைக்கவேண்டாம். நிழல் விழுந்த 6 அங்குலச் சீமெந்துக் கல், வெயிலில் நிற்கிற செங்கல்லை விடக் குளிர்ச்சி. அமுக்கிய மண்கல் கிடைத்தால் நல்லது, 5 தொடக்கம் 8 வீதம் சீமெந்து போதும். ஆனால் அதற்குக் களி கலந்த மண் வேணும். எழுவான்கரை மணலில் களி இல்லை, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் இருந்துதான் மண் வரவேணும்.

சோலார்: 3 கிலோவாற் மாதம் 330 தொடக்கம் 360 யூனிற் தரும், 180 சதுர அடி போதும். சோலார்த் தகட்டுக்கும் கூரைக்கும் நடுவில் 4 அங்குலம் விடுங்கள். இரும்பு ஆணி வேண்டாம், கறைபிடிக்காத உருக்கும் அலுமினியமும்தான். கழுவக் கரிக்கிற கிணற்றுத் தண்ணீர் பாவித்தால் உப்புப் படை பிடிக்கும்.

மட்டப்பலகை எழுதியது:

20,000 லீற்றர்த் தாங்கி பற்றியும் சொல்லவேணும். வருட மழையைக் கூரையால் பெருக்கினால் பெரிய தொகை வரும்தான். ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் தை வரைக்குள் விழுந்து முடியும், அப்போது கிணறே நிறைந்து நிற்கும். தாங்கியின் அளவைச் சொல்வது மழையில்லாத நாட்கள். குடிக்கவும் சமைக்கவும் ஐந்து பேருக்கு 40 லீற்றர், 180 நாளைக்கு 7,200. ஆகவே 7,500 லீற்றர்த் தாங்கி.

தாழ்வாரத்தோடு உங்கள் கூரையின் ஒரு சாய்வு 46க்கு 17 அடி, அதாவது 72 சதுர மீற்றர். ஒரு சாய்வுக்கு மட்டும் பீலி போட்டாலும், 10 மில்லிமீற்றர் மழைக்கு இழப்புப் போக 600 லீற்றர் வரும். 125 மில்லிமீற்றர் பெய்தால் தாங்கி நிறைந்தது. கார்த்திகை ஒன்றே போதும்.

முதல் மழை கூரையைக் கழுவுகிற தண்ணீர், அது தாங்கிக்குள் போகக்கூடாது. 1 மில்லிமீற்றர் கழிக்கவேணும் என்றால் 72 லீற்றர். 4 அங்குலக் குழாய் மீற்றருக்கு 8 லீற்றர்தான் பிடிக்கும். 9 மீற்றர் குழாயை எங்கே நிறுத்துவது? அதனால் 100 லீற்றர்ப் பீப்பாய் ஒன்றை முதலில் நிறைய விட்டு, நிறைந்த பிறகு தாங்கிக்கு வழிய விடுங்கள். பீப்பாயின் அடியில் 3 மில்லிமீற்றர்த் துளை, ஒரு நாளைக்குள் தானே வெறுமையாகும். அது குப்பையால் அடைபட்டால் பீப்பாய் எப்பவும் நிறைந்தே நிற்கும், அடுத்த மழையின் ஊத்தை நேரே தாங்கிக்குள். மாரி துவங்குமுன் ஒரு கம்பி விட்டுக் குத்துங்கள். திறப்பு எல்லாத்துக்கும் நுளம்பு வலை. டெங்குக்காரர் வந்து பார்த்தாலும் பயமில்லை.

தாங்கி கோழிவலைச் சீமெந்தில் கட்டலாம். 8 அடி விட்டம், ஐந்தரை அடி உயரம், 6 மில்லிமீற்றர்க் கம்பிக் கூடு, இரண்டு படை வலை, 1:3 சாந்து, ஒன்றரை அங்குலத் தடிப்பு. கச்சான் வீசுகிற மாதங்களில் பூசினால் மேற்பரப்பு அரை மணித்தியாலத்தில் வறண்டு மயிர்வெடிப்பு விடும். காலமையில் பூசி, ஈரச்சாக்கு சுற்றி, 10 நாள் காயவிடாமல் நனைத்துக்கொண்டிருங்கள்.

வாவிக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மலசலகூடத்தை மேற்கே, படுக்கையறைகளைக் கிழக்கே மாற்றச் சொல்லிவிட்டேன். தளம் 3 அடி. இப்ப வேற பிரச்சினை. மேற்கே என்றதும் படம் கீறுகிறவர் மலக்குழித் தாங்கியைத் தென்மேற்கில் வைத்தார். கன்னிமூலையில் மலக்குழி வைத்தால் வீட்டுக்குள் காலே வைக்கமாட்டேன் என்று அம்மா நிற்கிறா.

ஊற்றுக்கண் எழுதியது:

அம்மாவோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. வடமேற்கு, வாயு மூலைக்கு மாற்றுங்கள். சாஸ்திரக்காரரும் பொதுவாக அங்கே மறுக்கமாட்டார்கள். பாத்தியின் கிழக்கு விளிம்பு மேற்கு மதிலில் இருந்து 10 அடிக்குள் நின்றால், உங்கள் கிணற்றுக்கு 56 அடி கிடைக்கும். ஆனால் வடக்கு வளவின் கிணறு எங்கே? அதை அளக்காமல் முடிவெடுக்க வேண்டாம். அதோடு, கடலோரம் 300 மீற்றருக்குள் கட்டுவதற்குக் கரையோரம் பேணல் திணைக்கள அனுமதி வேணும். வாவி கடலோடு சேர்வதால் வாவிக்கரைக்கும் எல்லை இருக்கு. மாநகர சபைக்கு வரைபடம் கொடுக்குமுன், வளவு அதற்குள் விழுதா என்று பிரதேச செயலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வாவிக்கரை எழுதியது:

இண்டைக்கு நாடா பிடிச்சுப் பார்த்தோம். வடக்கு வளவுக் கிணறு அவர்களின் பின்வளவில். பாத்தி வருகிற இடத்தில் இருந்து 61 அடி. கிழக்கு வளவுக் குழிதான் சிக்கல், எங்கள் கிணற்றுக்கு 22 அடி.

ஊற்றுக்கண் எழுதியது:

அப்போ வாயு மூலையே சரி. கிழக்குக் குழியை நீங்கள் மாற்ற முடியாது. அந்தக் கிணறு குளிக்க, கழுவ, மரத்துக்கு ஊத்த மட்டும். குடிக்கவும் சமைக்கவும் குழாயும் மழைநீர்த் தாங்கியும். கிணற்றுத் தண்ணீரைக் குசினிக்குக் கொண்டுபோகிற குழாயை இப்போதே வரைபடத்தில் இருந்து வெட்டிவிடுங்கள். குழாய் இருந்தால் தண்ணீர் நிற்கிற ஒரு நாளில் யாராவது திறப்பார்கள்.